முதலில் ஒரு கடன்

முகத்தை நான் முதலில் செய்வதில்லை.
விளையாட்டு கேட்கும்: குலம் என்ன, தொழில் என்ன,
வாளா மந்திரமா, காது கூரா வட்டமா.
எல்லாவற்றையும் தாண்டிப் போய்
எடைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதுவேன்:
இவள் யாருக்கு எவ்வளவு தரவேண்டும்?

கடன் தெரிந்தால் நடை தெரிந்துவிடும்.
எந்தத் தெருவைச் சுற்றிப் போவாள்,
கதவு தட்டினால் விளக்கை அணைப்பாளா,
சிரிப்பு பல்லிலேயே நின்றுவிடுமா
கண்வரை போகுமா.

ஊத்தான் மெலிந்தாங்.
செம்பனை ஆலையின் எடைமேடை, கண்ணாடிக் கூண்டு, இரவு ஷிப்ட்.
லோரி ஏறும், எண் ஏறும்.
பழத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பும், கழித்துக்கொள்வேன்.
ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் நடுவே
கைப்பேசிக்குள் எனக்கொரு நாடு:
அங்கே நிலா இரண்டு,
ராஜா செத்து நாளாகிறது,
சம்பளம் யார் கொடுப்பது என்று ஒருவருக்கும் தெரியாது.

பெயர்களை லோரியின் பக்கவாட்டில் பொறுக்குவேன்.
சேறு அப்பிப் பாதி மறைந்த பெயர்தான் நல்லது.
'பெங்ஙாங்குத்தான்' என்று எழுதிய பலகையில்
முன்னும் பின்னும் மண் தின்றதுபோக
மிஞ்சியவள் ஙாங்கு.
ஙவில் தொடங்கும் பெயரோடு
என் தமிழ் வாத்தியார் முன்னால் அவளை நிறுத்த முடியாது.
படகுக்காரி. இடது தோள் இறங்கியிருக்கும்.
செத்துப்போன ஒருவனுக்குப் பதினேழு வெள்ளிக்காசு பாக்கி.
வாங்க ஆளில்லாத கடன்.
இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஒருமுறை குறையே இல்லாமல் ஒருவனைச் செய்து பார்த்தேன்.
பளபளக்கும் கவசம், வரிசைப் பல், யாருக்கும் பாக்கியில்லை.
மூன்று நாள் கிணற்றோரம் நின்றான்.
பேச அவனுக்கும் ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை.
அழிக்கவா, நிச்சயமா என்று கேட்டது.
நிச்சயம்.

லோரிக்காரர் சன்னாசி
பொய் சொல்வதற்கு முன் இரண்டு தரம் இருமுவார்.
அந்த இருமலைத் தூக்கி ஒரு மந்திரவாதிக்குக் கொடுத்துவிட்டேன்.
அவன் இருமினால் நெருப்பு வராது, வெறும் புகைதான்.
எல்லோரும் சிரித்தார்கள்.
கேட்காமல் எடுத்தது, அவரைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

போன வியாழன் பேய்மழை.
ஙாங்கு பாலத்தின் நடுவில் நிற்கிறாள்.
கூச்சிங்கில் ஒரு நர்ஸ், அங்கே அவள் கோடரி வீரன்.
இன்னொருவர் எந்த ஊரோ, ஆந்தை.
"எங்களோடு அக்கரைக்கு வருகிறாயா?"
'சரி, போகலாம்' என்று தட்டுகிறேன்.
இடி. லைன் போச்சு.

நாற்பது நிமிடம். ஐந்து லோரி.

திரும்பி வந்தால்
நான் இல்லாத நேரத்தில் என் ஆளுக்கு என்னென்னவோ நடந்திருக்கிறது.
*அவள் பதில் சொல்லவில்லை.*
*ஆற்றையே பார்க்கிறாள்.*
*விடு, இந்தத் தண்ணீரில் அவளுக்கு யாரோ இருக்கிறார்கள்.*
கோடரி வீரன் தன் போர்வையை
அந்த இறங்கிய தோளில் போட்டிருந்தான்.
ஆந்தை காரணம் கேட்கவில்லை,
ஒரு வெள்ளிக்காசை எடுத்து ஆற்றில் போட்டிருந்தது.

அனுப்பப்படாமல் பெட்டியில் கிடந்தது என் வரி:
சரி, போகலாம்.
ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.
சீட்டைத் தேடி எடுத்துப்
பதினேழை அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதினேன்.

ஹாரன்.
சன்னாசி கண்ணாடியை இறக்கினார்,
இரண்டு தரம் இருமினார்.
"மழைத்தண்ணி தங்கச்சி, அதான் எடை கூடக் காட்டுது."
வெளியே மழை உண்மையாகத்தான் பெய்துகொண்டிருந்தது.
லோரி எண்ணைக் கேட்டேன்.
அவர் சொல்லச் சொல்ல
இன்னும் அந்தப் பாலத்தின் மேலேயே நின்றுகொண்டு
எழுதினேன்.